சின்ன தவுக்கேயும் கிளேபாங் சம்பந்தமும்

காஜா பெராங், மலாக்கா.
1966, திங்கட்கிழமை.

அன்பும் பெருந்தன்மையும் ஒருங்கே நிறைந்த மச்சான் தம்பிராஜா அவர்களுக்கு, தங்கள் தங்கை பாக்கியலட்சுமியின் கணவன் மாணிக்கவாசகம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவது முறை. அந்த முறையை நான் நிறைவேற்றிவிட்டதாகத் தயவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். சிரம்பானில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நிச்சயம் சுகமாகத்தான் இருப்பீர்கள். ஏனென்றால் உங்கள் வீட்டில் இருந்த டிவிப் பெட்டி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது.

போன தீபாவளிக்கு நீங்கள் புதுப் பெட்டி வாங்கிக்கொண்டு, பழையதை "தங்கச்சி வீட்டுப் பிள்ளைங்க பாக்கட்டும்" என்று லாரியில் ஏற்றி அனுப்பினீர்கள். அந்தத் தயாள குணத்தை நான் குறை சொல்லவில்லை, குறை சொல்கிறவன் மனுஷனே இல்லை. ஆனால் மச்சான், அந்தப் பெட்டிக்குள் வைத்து ஒரு பையனையும் அனுப்பிவிட்டீர்கள். வியாழக்கிழமை தோறும் மாலை ஆறு மணிக்கு ஜப்பான்காரன் வரைந்த படம் ஒன்று ஓடுகிறது. வரைந்த உருவங்களே நடக்கின்றன, ஓடுகின்றன, இங்கிலீஷ் பேசுகின்றன. அதில் பள்ளிக்கூடம் போகிற ஒரு பணக்காரப் பையன் வருகிறான். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் பட்டுத் துணி. விரலைச் சொடுக்கினால் வேலைக்காரன் ஓடி வருவான், காரோட்டி இறங்கிவந்து கதவைத் திறந்து சல்யூட் அடிப்பான். கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் எங்கள் வீட்டில் அது இருக்கிறது, இது இருக்கிறது என்று ஓயாமல் பீற்றிக்கொள்வான். நான் உட்கார்ந்து பார்ப்பதில்லை. பேப்பர் படிக்கும்போது பேப்பருக்கு மேலே தெரிகிற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும்.

உங்கள் மருமகன், அதாவது என் மகன் ஜெயபாலன், அந்தப் பையனாகவே மாறிவிட்டான். முதலில் விரல் சொடுக்குவதில் தொடங்கியது. தோசை கருகிவிட்டது என்று உங்கள் தங்கையைப் பார்த்துச் சொடுக்கி, "எடுத்துக்கிட்டுப் போ" என்றான். அவள் தோசைக் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். அதோடு தெளிந்துவிடும் என்று நினைத்தேன், தெளியவில்லை. அப்புறம் தன்னைச் சின்ன தவுக்கே, அதாவது சின்ன முதலாளி, என்றுதான் கூப்பிட வேண்டும் என்றான். என்னை யாராவது ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி என்று சொன்னால் இவன் குறுக்கே விழுந்து, "அப்பா ஆபீஸ்ல வேலை பாக்கல, ஆபீஸே அப்பாவோடதுதான்" என்கிறான். எங்கள் பெரிய கிராணி காதில் இது விழுந்து, அவர் ஒரு நாள் என் மேசைக்கு முன்னால் நின்று, "முதலாளி, லீவு கேட்டா கிடைக்குமா?" என்று கேட்டார். பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை, அதுதான் குறை.

இவனைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகிற ரிக்‌ஷாக்காரர் அப்துல் ஹமீது காக்காவை உங்களுக்குத் தெரியும். நல்ல மனிதர், ஆனால் விளையாட்டுப் புத்தி. இவன் அவரைக் காரோட்டி ஆக்கிவிட்டான். ரிக்‌ஷாவுக்கு ஏது கதவு? அதனால் அவர் இறங்கிவந்து முன்னால் தொங்குகிற மழைப்படுதாவைத் தூக்கிப் பிடித்து, காலைச் சேர்த்து ஒரு சல்யூட் வைக்கிறார். ஏன் காக்கா இப்படி என்று கேட்டதற்கு, "பச்சப்புள்ள ஆசைதானே தம்பி. எனக்கும் காலு நீட்டுன மாதிரி இருக்கு" என்றார். இப்போது அவருக்கு அது பழகிப்போய்விட்டது. மீன் கூடையோடு ஏறுகிற நியோஞ்ஞாச் சீனக் கிழவிக்குக்கூட சல்யூட் விழுகிறது.

மச்சான், ஜப்பான்காரன் காலத்தில் நாம் எப்படி இருந்தோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. ஆற்றுப் பாலத்தில் நின்ற சிப்பாய்க்குச் சரியாகக் குனியவில்லை என்று கன்னத்தில் வாங்கினேன், இன்னமும் மழைக்காலத்தில் அந்தக் காது குடைகிறது. அப்புறம் சுதந்திரம் வந்தது, கொடி ஏறியது, இனி யாருக்கும் குனிய வேண்டாம் என்று நினைத்தேன். போன மாதம் ஜெயபாலன் காலை நீட்டி, சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிடச் சொன்னான். குனிந்து கட்டும்போதுதான் உறைத்தது, ஜப்பான்காரன் மறுபடியும் ஜெயித்துவிட்டான்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். என் வயிறு எரிவது மகள் சிவகாமசுந்தரிக்காக. கிளேபாங் பொன்னுதுரை அவர்களின் மகன் கணேசமூர்த்திக்கு அவளைக் கேட்டிருந்தார்கள் அல்லவா, பையன் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர், சிகரெட் கிடையாது. பொன்னுதுரை தண்ணீர் இலாகாவில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒன்றுமே வேண்டாம் பெண்ணைக் கொடுங்கள் போதும் என்று சொன்ன தங்கமான மனிதர். போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். இதுவரை வந்த எந்த மாப்பிள்ளையையும் உங்கள் மருமகள் நிமிர்ந்து பார்த்ததில்லை. இந்தப் பையனைப் பார்த்தாள். கோப்பித் தட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போகும்போது இன்னொரு தடவையும் பார்த்தாள். உங்கள் தங்கை என் விலாவில் இடித்தாள். எல்லாம் கூடிவந்தது. பொன்னுதுரை சம்மதத்துக்கு அடையாளமாகத் தட்டிலிருந்து வெற்றிலையைக் கையில் எடுத்துவிட்டார்.

அப்போது பார்த்து உள்ளேயிருந்து வருகிறான் சின்ன தவுக்கே. என் கல்யாணக் கோட்டு முழங்கால் வரை தொங்குகிறது, கழுத்தில் தன் அக்காவின் பட்டு ரிப்பன், தலையில் அரை போத்தல் தேங்காயெண்ணெய். பொன்னுதுரைக்கு எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "காரு பாலிஷ் போடப் போயிருக்கு, இல்லாட்டி உங்களக் கூட்டிட்டு வரச் சொல்லியிருப்பேன்" என்றான். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இவன் விடவில்லை. "இது எங்க வேலைக்காரங்க வீடு. பெரிய வீடு பண்டார் ஹிலிர்ல கடலப் பாத்தாப்ல இருக்கு. நீங்க பொண்ணுக்காக வர்றீங்களா சொத்துக்காக வர்றீங்களான்னு அப்பா சோதிக்கிறாரு" என்றான்.

மாப்பிள்ளைப் பையன் முகம் சிவந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். பொன்னுதுரை என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் அந்த டிவிப் பெட்டியைப் பார்த்தார். காஜா பெராங்கில் எந்தக் கிராணி வீட்டில் டிவி இருக்கிறது, சொல்லுங்கள். கையில் எடுத்த வெற்றிலையைத் தட்டிலேயே வைத்தார். "ஒங்க ஒயரத்துக்கு நாங்க ஏணி வெச்சாலும் எட்டாதுங்க. எளியவங்கள இப்படிச் சோதிக்க வேணாம்" என்று கும்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். கேசரி அப்படியே இருந்தது. அதையும் இவன்தான் தின்றான்.

மறுநாள் நான் ஏழை என்பதை நிரூபிக்கக் கிளேபாங்குக்குப் புறப்பட்டேன். காலர் கிழிந்த சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டேன், வாரறுந்த செருப்பு. "ஐயா, நான் சாதாரண கிராணி, அந்தப் பெட்டி மச்சான் கொடுத்தது" என்று தலைபாடாக அடித்துச் சொன்னேன். அவர் மனம் இளகியதுபோலத்தான் இருந்தது. சரி, வாசல் வரை வருகிறேன் என்று வழியனுப்ப வந்தார். வாசலில் நின்றது ஹமீது காக்காவின் ரிக்‌ஷா. மனிதர் என்னைக் கண்டதும் குதித்து இறங்கி, படுதாவைத் தூக்கி, காலைச் சேர்த்து வைத்தார் பாருங்கள் ஒரு சல்யூட், பக்கத்து வீட்டு நாய் பயந்து உள்ளே ஓடியது. பொன்னுதுரை கதவைச் சாத்திக்கொண்டார். வழியில் காக்கா, "என்ன தம்பி, காரியம் முடிஞ்சிச்சா?" என்று கேட்டார். முடிந்தது என்றேன்.

சிவகாமி அழவில்லை மச்சான், அழுதாலாவது தேற்றலாம். அன்றைக்குக் கட்டிய சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தாள், "விடுங்கப்பா, தம்பி சின்னப்பய" என்றாள். பெற்ற வயிறு பற்றிச் சொல்வார்கள், வளர்த்த நெஞ்சும் அப்படித்தான் வலிக்கிறது. என்னால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆகவே தாய்மாமன் என்ற முறையில் நீங்கள் உடனே லாரியோடு வந்து, நீங்கள் அன்போடு கொடுத்த பெட்டியை அதே அன்போடு எடுத்துச் செல்ல வேண்டும். வரும்போது ஜெயபாலனையும் ஏற்றிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும் உரித்தாகுக. உங்கள் குடும்பம் குறையொன்றும் இன்றி, டிவியும் இன்றி, நீடூழி வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மனமொடிந்த
மாணிக்கவாசகம்

பின்குறிப்பு: இன்று வெள்ளிக்கிழமை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி ஜெயபாலனிடம் திங்கட்கிழமையே கொடுத்தேன். சின்ன தவுக்கே தன் கையால் தபால் போடமாட்டாராம், காரோட்டியிடம் கொடுக்க வேண்டுமாம். ஹமீது காக்கா காய்ச்சலில் படுத்துவிட்டதால் கடிதம் இவன் பைக்குள்ளேயே கிடந்தது. நல்லதாகப் போயிற்று.

நேற்று ஆறு மணிக்குத் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர்களுக்குப் பின்னால் இரண்டு பெரிய தலைகள் தெரிந்தன. பார்த்தால் கணேசமூர்த்தியும் பொன்னுதுரையும். ஆஸ்பத்திரியில் ஒரு டிவி இருக்கிறதாம், மாப்பிள்ளை வாரம் தவறாமல் அந்தப் படத்தைப் பார்க்கிறவராம். அன்றைக்கு முகம் சிவந்தது கோபத்தில் அல்ல, சிரிப்பை அடக்கியதில். அப்பாவிடம் எவ்வளவோ சொல்லியும் நம்பாததால், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே உட்கார வைத்தோம். பெட்டிக்குள் அந்தப் பணக்காரப் பையன் வழக்கம்போல விரலைச் சொடுக்கி, கார் பாலிஷ் போடப் போயிருக்கிறது என்று சொன்னான். சிவகாமிதான் கதவோரம் நின்று தமிழில் சொன்னாள். பொன்னுதுரை ஜெயபாலனைப் பார்த்தார், அப்புறம் சிரித்தார் பாருங்கள், வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிவகாமியும் சிரித்துவிட்டாள். பொன்னுதுரை தட்டைக் கொண்டு வரச் சொல்லி, வெற்றிலையை எடுத்து வாயிலேயே போட்டுக்கொண்டார். தை மாதம் கல்யாணம்.

போகும்போது மட்டும் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். நேற்றுப் படத்தில் அந்தப் பணக்காரப் பையன் நீளமான மேசையில் தனியாக உட்கார்ந்து, அப்பா வந்தால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்தான். அப்பா எங்கோ கப்பலில் இருக்கிறாராம். அத்தோடு இந்த வாரப் படத்தை முடித்துவிட்டார்கள். "அவ்ளோ சொத்திருந்து என்னங்க, சாப்பாட்டு நேரத்துக்கு அப்பன் இல்லியே" என்றார் பொன்னுதுரை. ஜெயபாலன் நகர்ந்து வந்து என் மடியில் சாய்ந்துகொண்டான். ராத்திரி சாப்பாட்டுக்கு அவன் விரல் சொடுக்கவில்லை. ஒன்றும் வேண்டாம் என்ற அந்த மனிதர் கேட்டது இந்தப் பெட்டியைத்தான். வண்டியோடு வந்து நாளைக்கே எடுத்துப்போகிறாராம், நானும் சரியென்று சொல்லிவிட்டேன்.

ஆகவே மச்சான், லாரியைக் காலியாகக் கொண்டுவர வேண்டாம். தாய்மாமன் சீராக உங்கள் புதுப் பெட்டியை ஏற்றிக்கொண்டு வாருங்கள், அதுவும் வியாழக்கிழமை ஆறு மணிக்கு முன்னால். அந்தப் பையனின் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தாரா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.