பரணில் ஏறிய அரிவாள்மணை

மூக்குக்கண்ணாடிக் கடையை மகன் உஸைரிடம் ஒப்படைத்த மறுவாரமே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி எங்கள் வீட்டில் கடைக் கத்தி நுழையாது. நுழைகிற கத்தியெல்லாம் இந்தக் குத்புதீன் கையால் செய்த கத்தியாகத்தான் இருக்கும்.

இதற்குக் காரணம் என் மனைவியின் தம்பி ஃபஹீம். பிரான்ஸிலிருந்து லீவுக்கு வந்தவன், புதுச்சேரியில் எங்கள் உப்பளம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மரப்பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தியால் மாம்பழம் நறுக்கினான்.

"இது கையால செஞ்சது மச்சான். அங்கல்லாம் ரிட்டயர் ஆனவங்க வீட்லயே பட்டறை போட்டுக் கத்தி செய்யறாங்க."

"இங்க?"

"இங்க ரிட்டயர் ஆனா கைலியக் கட்டிக்கிட்டு, இன்னிக்கு என்ன கொழம்புன்னு கேக்குறாங்க."

என் மனைவி ஹாஜிரா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அப்போது கைலியில்தான் இருந்தேன். குழம்பைப் பற்றியும் சற்றுமுன்தான் கேட்டு முடித்திருந்தேன்.

கத்தி செய்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை. இரும்பு வேண்டும், நெருப்பு வேண்டும், எண்ணெய் வேண்டும், மனைவி ஊரில் இல்லாதிருக்க வேண்டும். ஹாஜிரா கடலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். நான் தட்டாஞ்சாவடியில் பழைய இரும்புக் கடைக்குப் போய் லாரிச் சக்கரத்துக்கு மேலே வில்லாக வளைந்திருக்கும் பட்டை ஒன்றை வாங்கி வந்தேன். ஒரு லாரியையே தாங்கிய இரும்பு. என்னைத் தாங்காதா?

பின்கட்டில் துணி துவைக்கிற இடத்தில் கரி அடுப்பு மூட்டினேன். காற்றடிக்க ஹாஜிராவின் முடி காயவைக்கும் மெஷின். பட்டையை வெட்டி, அரத்தால் ராவி, கத்தியின் உருவத்துக்குக் கொண்டுவந்து, செக்கச் செவேலென்று பழுக்க வைத்து எண்ணெயில் முக்க வேண்டும். வீட்டில் நல்லெண்ணெய்தான் இருந்தது. முக்கினேன். தெருமுனை வரை மணந்தது.

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு வடிவேலுவின் தலை உதித்தது.

"என்ன பாய், பஜ்ஜியா?"

"கத்தி செய்யறேன் வடிவேலு."

"செய்யுங்க, செய்யுங்க. சூடா இருக்கும்போதே நம்மளயும் கூப்பிடுங்க."

அந்தக் கத்தி கை தவறிக் கீழே விழுந்தது. விழுந்ததும் பிஸ்கோத்து மாதிரி இரண்டாக உடைந்தது. எண்ணெயில் முக்கியபின் அதை ஓவனில் வைத்து இளஞ்சூட்டில் பதப்படுத்த வேண்டுமாம். அதை நான் பார்த்துப் பழகிய யூடியூப் வீடியோவின் கடைசியில் சொல்கிறார்கள். நான் பாதியிலேயே எழுந்துவிட்டவன். அடுத்ததை ஹாஜிரா கேக் சுடும் ஓவனில் வைத்தேன். பிடிக்குக் கருங்காலி மரம் தேவைப்பட்டது. ஸ்டோர் ரூமில் என் மாமனார் சீராகக் கொடுத்த கட்டில் சும்மாதானே கிடந்தது?

கத்தி பிறந்தது. காகிதத்தைக் காற்றிலேயே சீவியது. என் முன்னங்கை முடியையும் சீவியது. கொஞ்சம் முன்னங்கையையும்.

ஹாஜிரா திரும்பி வந்து வீடு முழுவதும் சுற்றிப் பார்த்தாள்.

"மெஷினு பூரா கரி. ஓவன்ல எண்ண வாட. எங்க வாப்பா குடுத்த கட்டில் மூணு கால்ல நிக்குது. ஏங்க, உங்களுக்கு என் மேல ஏதாச்சும் கோவமா?"

"இது கலை ஹாஜிரா."

"கலைக்கு என் கட்டில் காலுதான் கெடச்சுதா? நாளைக்கே பட்டறையக் காலி பண்ணுங்க. நான் துணி தொவைக்கணும்."

"முடியாது. இந்தக் கத்தியோட கூரு தெரியுமா ஒனக்கு? ஒன் அருவாமணையெல்லாம் இது பக்கத்துல நிக்க முடியுமா?"

ஹாஜிரா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை. கத்தாமல் இருந்தால்தான் நான் கவனமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. வெற்றியின் வாசலில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன்.

"சரிங்க, வெள்ளிக்கெழம பிரியாணிக்கு வெங்காயம் அரியணும்" என்றாள் மெதுவாக. "ஒங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி. நீங்க கத்தியில அரிங்க, நான் அருவாமணையில அரியறேன். தோத்தீங்கன்னா பட்டறை காலி."

"நீ தோத்தா?"

"பட்டறை ஆயுசுக்கும் இருக்கட்டும். அருவாமணையப் பரண்ல போட்டுடறேன். இனிமே அதத் தொட மாட்டேன்."

"சத்தியமா?"

"அல்லா மேல சத்தியமா. ஏ செல்வாம்பா, நீதான் சாட்சி."

செல்வாம்பாள் வடிவேலுவின் மனைவி. மதிலின் அந்தப் பக்கம் எப்போதும் இருப்பவள். "நான் கேட்டுட்டேன்க்கா" என்றாள், அந்த அழைப்பையே எதிர்பார்த்திருந்தவள் போல.

தலைமுறை தலைமுறையாக ஆண்ட ராணி ஒருத்தி தன் வாளை என் காலடியில் வைக்கச் சம்மதிக்கிறாள். எனக்குப் புல்லரித்தது.

வெள்ளிக்கிழமை. நான் மேஜை முன்னால் நின்றேன். ஹாஜிரா சுவரைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லா" என்று மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். சாட்சிக்கு வந்திருந்த செல்வாம்பாள் கை தட்டிப் போட்டியைத் தொடக்கினாள். என் கத்தி பறந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது. ஹாஜிரா இரண்டு வெங்காயம் அரிந்தாள், எழுந்து அடுப்பைப் பார்த்தாள். ஒன்று அரிந்தாள், கடலூர்க் கல்யாணத்தைப் பற்றிப் போனில் பேசினாள். அவளுடைய திமிரே அவளைத் தோற்கடிக்கிறது என்று நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

"பாய் ஜெயிச்சிட்டாரு!" என்று கூவினாள் செல்வாம்பாள்.

என் முன்னால் வெங்காயம் மல்லிகைப்பூ குவித்தாற்போல் கிடந்தது. நானே ஸ்டூல் போட்டு ஏறி, அரிவாள்மணையைப் பரணில் வைத்தேன்.

"இன்னும் உள்ள தள்ளுங்க" என்றாள் தோற்றவள். "கைக்கு எட்டவே கூடாது."

தோல்வியிலும் என்ன நேர்மை!

மறுநாள் காலை பட்டறைக்குக் கிளம்பினேன். வழியில் என் மேஜை மேல் ஒரு முட்டைக்கோசும், பீன்ஸும், ஒரு கூடை வெங்காயமும் இருந்தன.

"என்ன ஹாஜிரா இது?"

"இன்னிக்குச் சமையலுக்குங்க. பீன்ஸ் பொடியா இருக்கட்டும்."

"நானா?"

"வேற யாரு? நான்தான் தோத்துட்டேனே."

சிரித்தபடி கத்தியை அவளிடம் நீட்டினேன். "இந்தா. ஒனக்காகத்தான் செஞ்சேன். நீயே வச்சுக்க."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஐயய்யோ, கத்தியக் கையில குடுக்காதீங்க. சண்ட வரும்."

கீழே வைத்தேன். "சரி, எடுத்து அரி."

"எனக்கு எங்கங்க கத்தி புடிக்கத் தெரியும்? வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அருவாமணைதான். அதையும் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன்."

"வேணாம் தாயே, நான் அத எறக்கித் தர்றேன்."

"அல்லா மேல பண்ண சத்தியங்க" என்றாள், கண்ணை மூடி.

மதிலுக்கு அப்பாலிருந்து செல்வாம்பாளின் குரல் வந்தது. "எறக்கினாலும் ஆவாது பாய். அக்காவுக்கு முட்டி தேய்ஞ்சு போச்சாம். தரையில ஒக்காரவே கூடாதுன்னு போன மாசமே கோரிமேட்டு டாக்டரு சொல்லிட்டாரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. சுவரைப் பிடித்து அவள் உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல ஹாஜிரா?"

"சொன்னா மாத்திர வாங்கிக் குடுத்திருப்பீங்க. கோஸ் அரிஞ்சு குடுத்திருப்பீங்களா?"

அரிந்தேன். பொடியாகவே அரிந்தேன். பட்டறை எனக்கு ஆயுசுக்கும் இருக்கிறது. அதில் நிற்கத்தான் நேரமில்லை.

ஒரே ஆறுதல், செல்வாம்பாள் வந்து கேட்டாள்: "பாய், எங்க வீட்டுக்காரருக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்களேன்." முதல் ரசிகை! கிடைத்த நேரத்திலெல்லாம் உழைத்தேன். கட்டிலின் இன்னொரு கால் போயிற்று. பளபளவென்று ஒரு கத்தி செய்து, மதிலுக்கு மேலாக வடிவேலுவின் கையிலேயே கொடுத்தேன். அவன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அன்று சாயங்காலமே செல்வாம்பாள் வீட்டு அரிவாள்மணையும் பரணுக்கு ஏறிவிட்டது.

இப்போது தினமும் காலையில் மதிலுக்கு இந்தப் பக்கம் டக்டக்கென்று ஒரு சத்தம், அந்தப் பக்கம் ஒரு சத்தம். "வடிவேலு" என்று கூப்பிட்டால் அந்தப் பக்கத்துச் சத்தம் மட்டும் இன்னும் பலமாகிறது. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான்.

ஹாஜிராவிடம் சொல்லி வருத்தப்பட்டேன். அவள் வெங்காயக் கூடையை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல? கத்தியக் கையில குடுத்தா சண்ட வரும்னு."