மாமாவின் படகும் என் சோக வானமும்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: 2010-ல் நான் சகிக்க முடியாத ஆள். அண்ணாமலை நகரில் ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்புக்குப் போய்விட்டு, டீக்கடை பஜ்ஜியில்கூட 'மூடு' இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். (எண்ணெய்தான் இருக்கிறது என்றார் கடைக்காரர்.)

அந்த வருடம்தான் எனக்கும் செல்விக்கும் நிச்சயதார்த்தம். காதல்தான். அவள் அப்பா கடலூர் முதுநகரில் விசைப்படகு வைத்திருந்தார். சிதம்பரத்துக் குமாஸ்தாவுக்குப் பெண் கொடுக்க அரை மனதாகத்தான் சம்மதித்திருந்தார். மீதி அரை மனதையும் வாங்கிவிட, துறைமுகத்தையே வரைந்து எடுத்துப்போனேன். சாம்பல் வானம், தடித்தடியாகத் தூரிகை வீச்சு, நடுக்கடலில் அவருடைய படகு. கரையில் கம்பம் மொட்டையாக நின்றது கண்ணை உறுத்தியதால், செய்தித்தாள் படத்தைப் பார்த்துக் கறுப்பாக ஒரு புயல் எச்சரிக்கைக் கூண்டையும் ஏற்றிவிட்டேன்.

நிச்சயத்தன்று சபை நடுவே படத்தைப் பிரித்தேன்.

"இந்த ஸ்ட்ரோக்க பாருங்க மாமா. ஒரு சோகம் தெரியுதா?"

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். உருகிவிட்டார் என்றே நினைத்தேன்.

"இது நம்ம போட்டுதான?"

"ஆமா மாமா!"

"கூண்டு ஏத்துனப்பறம் எவன் இத கடலுக்கு வுட்டான்?"

"கூண்டு சும்மா மாமா. அந்த எடம் காலியா இருந்துச்சி. ஒரு பேலன்ஸுக்கு..."

"பேலன்ஸுக்கா புயல வுட்ட?"

அத்தை நிச்சயத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். "நிச்சயத்தன்னிக்கே எங்க போட்ட முழுவடிக்கிறாரு. இவுருக்கு பொண்ணு வேற குடுக்கணுமா?" என்று குரல் மட்டும் வந்தது. மூன்று வருடக் காதல் ஒரு கறுப்புப் பெயிண்டால் போகப்போகிறது!

செல்விதான் பின்கட்டிலிருந்து வந்தாள். கையில் படகுக்கு அடிக்கும் நீலப் பெயிண்ட் டப்பா, நாலு அங்குல பிரஷ்.

"மொதல்ல கூண்ட எறக்குங்க. அப்பறம் தட்டு மாத்தலாம்."

பட்டு வேட்டியோடு மண்டி போட்டேன். "மேல இன்னும் தெரியுது பாரு", "அந்த மூலைய வுட்டுட்டியே" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஓவிய ஆசிரியர்கள் ஆனார்கள். ஆறு மாதம் பயின்ற சோகம் நாலே இழுப்பில் காணாமல் போனது. கம்பமும் சேர்ந்து போனது. அத்தை தட்டோடு திரும்பி வந்தார்.

படம் இன்றும் மாமா வீட்டுக் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களை நிறுத்திவைத்து, அந்த நீலத் திட்டைத் தொட்டுக் காட்டுகிறார்.

"இது எங்க மாப்ள கை. மிச்சம் எவனோ கிறுக்குனது."