எதிர்வீட்டு வெள்ளைச் சுவர்

ட்ரொண்ட்ஹெய்ம்,
மே மாதம், வெயிலுள்ள நாள்.

அன்புள்ள மச்சான் ஐலெர்ட்டுக்கு, தோர்லைஃப் எழுதிக்கொண்டது. நானும் உன் அக்கா குட்னியும் சுகம். ஸ்பெயினில் நீயும் சூரிய மின்தகடு பதித்த உன் கூரையும் வெயிலோடு சுகமாக இருப்பீர்கள்.

“உங்க ஊர்ல சூரியனே எப்பவாவதுதான் டூட்டிக்கு வருது, அதுல மின்சாரமா?” என்று கிறிஸ்துமஸில் சிரித்தாயே, இப்போது சிரி பார்க்கலாம்! இங்கே சூரியன் தாழ்வாகச் சாய்ந்தே சுற்றுவதால் சுவருக்குத்தான் யோகம். நகரத்தின் ஒவ்வொரு சுவரிலும் எவ்வளவு வெயில் விழும் என்று கணக்கிட்டு நகராட்சி வரைபடம் போட்டிருக்கிறது. எங்கள் மேற்குச் சுவர் அதில் மஞ்சள்! மஞ்சள் என்றால் மின்தகடு பதிக்க நகராட்சியே உதவும். சாம்பல் என்றால் ஒன்றும் கிடையாது. நான் போட்ட கூச்சலில் குட்னியின் வாஃபிள் மாவு தரையில் கொட்டியது.

அதிகாரியை விசாரித்தால், எங்கள் மஞ்சளில் பாதி இரவலாம். காலை வெயில் எதிர்வீட்டு அஸ்லாவ்கின் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பித்தான் எங்கள் சுவருக்கு வருகிறதாம். அலறியடித்து வீட்டுக்கு வந்தால், அந்த அம்மாள் கறுப்புப் பெயின்ட் டப்பாக்களை இறக்கிக்கொண்டிருக்கிறாள்! கறுப்பு வீடுதானே இப்போது மோஸ்தர். “அம்மா தாயே, கறுப்பு மட்டும் வேணாம்!” என்று ஓடினேன். “என் செவுத்துக்கு நான் என்ன அடிச்சா உங்களுக்கென்ன? இத்தனை வருஷமா ஒரு வணக்கம் சொன்னதில்ல, இன்னிக்கு என் செவுரு மேல பாசம் பொங்குதோ?” என்றாள். வரைபடத்தைக் காட்டி, வெயில் எப்படித் திரும்புகிறது என்று காபி ஆறும்வரை விளக்கினேன். உன்னிப்பாகக் கேட்டவள், “சரி, வெள்ளையே இருக்கட்டும். ஆனா நீங்கதான் அடிச்சுத் தரணும்” என்று சொல்லிவிட்டாள். ஏணியில் ஏறினேன். காற்றில் பெயின்ட் பறந்து என் தலை, மூக்குக்கண்ணாடி, அவளுடைய பூனை எல்லாம் வெள்ளை. ஏணியைப் பிடித்த உன் அக்கா, “நம்ம வீட்டுல ஒரு ஆணி அடிக்கச் சொன்னா மட்டும் முதுகு வலிக்கும்” என்று கீழிருந்தே அர்ச்சனை செய்தாள். செய்யட்டும்! சுவர் கண்ணைப் பறிக்கிறது, மச்சான். நாளைக்கே விண்ணப்பம். மனம் துள்ளுகிறது!

உன் வீட்டார் அனைவரையும் விசாரித்ததாகச் சொல். நீயும் உன் கூரையும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
சுவருள்ள மச்சான்,
தோர்லைஃப்

பி.கு.: உறையை ஒட்டும்போது அஸ்லாவ்க் கேக்கோடு வந்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே வரைபடத்தில் தன் சுவரையும் பார்த்தாளாம். அதுவும் மஞ்சள். “சாயங்கால வெயில் உங்க வெள்ளைச் செவுத்துல பட்டுத்தான் எனக்கு வருதாம் அண்ணே. அதுல கறுப்புத் தகடு கிகடு மாட்டிடாதீங்க. வேணும்னா நான் வந்து வெள்ளை அடிச்சுத் தரேன்” என்கிறாள்.