கனடாவில் எவடம்?

கஞ்சிக் கோப்பை கேதீஸ்வரனின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது.

"ஐ ஆம் கனேடியன்!" என்று டொனெலி கிழவர் கட்டிலில் இருந்தபடி கத்தினார். தட்டில் கஞ்சியோடு வைத்த சின்ன அமெரிக்கக் கொடி தரையில் கிடந்தது.

அன்றைக்கு ஜூலை நாலு. பாவம், கேதீஸ் நல்லதுக்குத்தான் செய்தான். கிழவர் பேசுகிற இங்கிலீஷ் படங்களில் வருவதுபோல இருக்கும். ஆள் அமெரிக்கன்தான், சுதந்திர தினத்தில் சந்தோசப்படுவார் என்று நினைத்துவிட்டான்.

வெஸ்ட்மீட் பக்கத்து முதியோர் இல்லத்தில் அவன் குசினி வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். அவுஸ்திரேலியாவுக்கு வள்ளத்தில் வந்து, தடுப்பு முகாமில் ஒன்றரை வருடம் கிடந்து, தற்காலிக விசாவில் கிடைத்த முதல் வேலை. இன்னும் ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம். வேலை போனால் திரும்பவும் முகாம், அங்கிருந்து கொழும்புக்குப் பிளேன் என்று அவன் நம்பினான். சட்டம் அப்படிச் சொல்கிறதோ இல்லையோ, அவனுடைய பயம் அப்படித்தான் சொன்னது.

"சொறி சேர்! கனடா, அமெரிக்கா... சேம் சேம்தானே?" என்றான் சமாதானமாக.

தண்ணீர்க் கிளாசும் பறந்து வந்தது.

மேலாளர் சிவகௌரி கூப்பிட்டு அனுப்பினார். யாழ்ப்பாணத்து மனுசி, எண்பதுகளில் வந்தவர். வேலை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

"உன்னை ஆராவது இந்தியன் எண்டு சொன்னா உனக்கு எப்பிடி இருக்கும்?"

"இஞ்ச எல்லாரும் அப்பிடித்தானே அக்கா சொல்லினம். நான் ஓம் எண்டிடுவன்."

"வாய் காட்டாதை. இது முதலாவது கொம்ப்ளெயின்ற். மூண்டு வந்தா என்னாலயும் காப்பாத்தேலாது."

கேதீஸ் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற மச்சான் இந்திரகுமாருக்குப் போன் அடித்தான்.

"அமெரிக்கனோ? அவங்களுக்கும் எங்களுக்கும் என்னடா சம்பந்தம்?" மச்சான் பொரிந்து தள்ளினான். "நாங்கள் துவக்குத் தூக்கித் திரியமாட்டம். எங்களுக்கு ஆஸ்பத்திரி சும்மா. ஆராவது எங்கட காலை மிதிச்சா, நாங்கள்தான் சொறி சொல்லுவம்!"

"எப்ப இருந்தடா 'நாங்கள்'? நீ போய் ஆறு வருசம்தானே?"

"போன மாசம் சிற்றிசன் எடுத்திட்டன். நீ ஒண்டு செய். மேப்பிள் பாணி எண்டு இஞ்சத்த மரத்துப் பாகு ஒண்டு இருக்கு, வாங்கிக் கஞ்சியில ஊத்து. எந்தக் கனேடியனும் உருகிப்போவான்."

மறுநாள் கஞ்சியில் அரைப் போத்தல் பாணி. கிழவர் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். மத்தியானம் சீனி ஏறி மயங்கி விழுந்தார். நீரிழிவு என்று தலைமாட்டில் எழுதித்தான் இருந்தது. இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசிக்கக் கேதீசுக்கு அரை நாள் வேண்டும்.

"ரெண்டு," என்றார் சிவகௌரி.

இனிக் கிழவரைச் சொந்தக்காரர் ஆக்கினால்தான் தப்பலாம். அதற்கு நம்மவர்களிடம் ஒரே ஒரு வழிதான். எங்கே இரண்டு பேர் சந்தித்தாலும் முதல் கேள்வி, 'ஊரிலை எவடம்?' பிறகு எந்தக் குறிச்சி, எந்த ஒழுங்கை, கோயிலுக்குக் கிழக்கா மேற்கா என்று தோண்டித் தோண்டி, தேத்தண்ணி ஆறுவதற்குள் உறவாகிவிடுவார்கள்.

கிழவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்ததும் கேதீஸ் போய்ப் பக்கத்தில் நின்றான்.

"சேர், கனடாவில எவடம் நீங்கள்? எங்க பிறந்தனீங்கள்?" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டான்.

கிழவரின் முகம் வெளிறியது.

காது கேட்கவில்லைபோல என்று கேதீஸ் இன்னும் பலத்துக் கேட்டான். "எந்த ரோட்டு சேர்? வீட்டு நம்பர்? என்ர மச்சான் அங்க போய் விசாரிப்பான். வீட்டைப் படமெடுத்து அனுப்புவான்!" எழுதிக்கொள்ளப் போனையும் வெளியே எடுத்தான்.

"உன்னை யார் அனுப்பினார்கள்?" என்றார் கிழவர்.

ஊரில் ஆமியின் செக்பொயின்ற் வரிசையில் நிற்கிற ஆட்களின் முகம் அது. ஒரு வெள்ளைக்காரனுக்கு அந்த முகம் எப்படி வந்தது என்று கேதீசுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. கிழவர் மணியை அழுத்திய விரலை எடுக்கவேயில்லை.

"வேவு பாத்தனியாம்," என்றார் சிவகௌரி. அவருக்கும் கண் கலங்கிவிட்டது. "ஏன்ரா, உனக்கு வேற கேள்வியே கிடைக்கேல்லையா? மேலிடத்துக்குப் போயிட்டுது, இனி என்ர கையில இல்லை. ஏப்ரனைக் கழட்டித் தந்திட்டுப் போ."

கேதீஸ் குசினி வாசலில் குந்தி வாய்விட்டு அழுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தபோது, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார அம்மா சூட்கேசோடு தடுமாறிக்கொண்டு நின்றார். டொனெலியின் அக்காவாம். சுகமில்லை என்று கேள்விப்பட்டு, எயார்போர்ட்டிலிருந்து நேரே வருகிறாராம்.

கேதீஸ் சூட்கேசை வாங்கிக்கொண்டு வழிகாட்டி நடந்தான். பட்டும் அவனுக்குப் புத்தி வரவில்லை, வாய் சும்மா கிடக்கவில்லை.

"நீங்கள் கனடாவில எவடம், மேடம்?"

அந்த அம்மா நின்று அவனைப் பார்த்தார்.

"கனடாவா? நாங்கள் அசல் அமெரிக்கர்கள் அப்பா. வியட்நாம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பத்தொன்பது வயதில் கனடாவுக்கு ஓடினவன் என் தம்பி; அப்படி ஓடினவர்களுக்கு அமெரிக்கா பொதுமன்னிப்புக் கொடுத்து முப்பத்தைந்து வருடமாகியும், எந்த ஊர் என்று யாராவது கேட்டால், திருப்பி அனுப்பத்தான் கேட்கிறார்கள் என்று இன்றைக்கும் நடுங்குகிறான்."