ஒன்பது பேர் மிச்சம்

புதிதாக ஆய்வாளராக மாறியவர் என்றோர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது, வாசகரே. பிறவி ஆய்வாளர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் சாதுவானவர்கள், கொழும்பில் விசிறிக்குக் கீழே இருப்பவர்கள். நான் சொல்வது, இருபத்தைந்து இருபத்தாறு வயதுவரை வேறேதோ வேலை பார்த்து, அதில் சலித்து, மூன்று கிழமைப் பயிற்சியொன்றுக்குப் போய், திரும்பி வந்த அன்றிலிருந்து உலகத்தில் ஒரு தொழிலும் ஒழுங்காக நடக்கவில்லை என்று கண்டுபிடித்தவர்களை. அடையாளம் காண்பது சுலபம். சட்டைப்பையில் இரண்டு நிறத்தில் பேனை. கையில் பழைய கலண்டர்த் தாள், ஏனென்றால் யுத்தத் தடையால் வெள்ளைத்தாள் வன்னிக்குள் வருவதே அரிது. அதன் பின்பக்கத்தில் பெட்டி பெட்டியாகக் கீறி, பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி போட்டிருப்பார்கள். தேநீர்க் கடையில் ஒருவர் தேநீரை ஆறவிட்டுவிட்டு, கடைக்காரர் அடுப்புக்கும் மேசைக்கும் எத்தனை தரம் நடக்கிறார் என்று எண்ணிக்கொண்டிருக்கிறாரா? அவர்தான். எழுந்து வந்துவிடுங்கள்.

முல்லைத்தீவுக் கொலின்ஸ் இந்த இனத்துக்கு நல்லதொரு மாதிரி. வயது இருபத்தாறு. நான்கு ஆண்டுகள் தொண்டர் ஆசிரியராகக் கணிதம் படிப்பித்தவர். தொண்டர் ஆசிரியர் என்றால், சம்பளம் வரும் வரும் என்று சொல்லப்படுகிறவர். கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் தொழில் ஆய்வு உத்தியோகத்தர் வேலைக்கு ஆள் எடுக்கிறது, சம்பளம் மாதா மாதம் வருகிறது, மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டார் சைக்கிளும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டார். பயிற்சிக்குப் போனது பன்னிரண்டு பேர், வேலையோ ஒருவருக்கு. ஊரில் நடக்கிற ஒரு தொழிலை ஆராய்ந்து அறிக்கை எழுதி, தொழிலின் சொந்தக்காரர் ஏற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்கி, வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுபோக வேண்டும். ஒப்பம் இல்லாவிட்டால் வேலையும் இல்லை.

பயிற்சி முடிந்து வந்தவருக்குப் பேச்சே மாறியிருந்தது. ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இதன் நோக்கம் என்ன’ என்று கேட்கத் தொடங்கினார். தாய் யூலிற்றா புட்டு அவித்துக்கொண்டிருந்த குசினிக்குள்ளும் பேனையோடு போய் நின்றார்.

“அம்மா, கிணத்தடிக்கும் அடுப்புக்கும் இடையில நாற்பத்திரண்டு அடி. ஒரு நாளைக்குப் பதினொரு தரம் நடக்கிறியள். இது விரயம்.”

“அப்ப கிணத்தை இஞ்சால தூக்கிக்கொண்டு வாவன்.”

அதை அவர் ‘பயனாளர் கருத்து’ என்று தலைப்பிட்டு எழுதிக்கொண்டார்.

ஆராய எடுத்த தொழில், வலைக்கும் வள்ளத்துக்கும் சொந்தக்காரரான அருளப்புச் சம்மாட்டியின் கரைவலை. வள்ளத்தில் போய் வலையைக் கடலில் வளைத்துவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். தூரக் கடலுக்குப் போக வழியில்லாத அந்த நாட்களில் ஊரில் பாதிச் சட்டிகளுக்குக் கறி அந்த வலையிலிருந்துதான் வந்தது. கொலின்ஸ் மூன்று நாள் காலையில் தாழம்பற்றைக்குப் பக்கத்தில் இருந்து எண்ணினார். வெயில் கடல் பக்கமிருந்து முகத்துக்கு நேரே அடித்ததால் தலைகளைத்தான் எண்ண முடிந்தது. தொடக்கத்தில் இழுப்பது பதினாறு பேர். வலை கரைக்குக் கிட்ட வந்ததும் எங்கிருந்தோ இன்னும் ஒன்பது பேர் வந்து கயிற்றைப் பிடிக்கிறார்கள். பிடிக்கிறார்களே தவிர இழுக்கவில்லை! சிலர் கயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஊர்க்கதை வேறு. கொலின்சுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதற்காகத்தானே படித்தார்? பதினாறு பெட்டி நீலத்தில், ஒன்பது பெட்டி சிவப்பில். ‘ஒன்பது பேர் மிச்சம். நீக்கலாம்.’

வியாழன் காலை, வலை இன்னும் தூரத்தில் இருக்கும்போதே தாளைச் சம்மாட்டியிடம் நீட்டினார். அருளப்பு அதை ஆறுதலாகப் பார்த்தார்.

“கணக்குச் சரி தம்பி. ஒன்பது பேரும் மிச்சம்தான்.”

“தெரிஞ்சும் ஏன் வச்சிருக்கிறியள்?”

“நான் எங்க வச்சனான்? அதுகள் வாறதுகள். கயித்தில கை வச்ச ஆக்களுக்குக் கறிக்கு ஒரு கை மீன் குடுப்பம். சும்மா குடுத்தா அதுகள் வாங்காதுகள்.”

“அதைத்தான் நானும் விரயமெண்டு எழுதியிருக்கிறன்.”

“ஓம், ஓம். பேனையைத் தாரும், ஒப்பம் வைக்கிறன். ஆனா நாளையில இருந்து வர வேண்டாமெண்டு நீர்தான் போய்ச் சொல்ல வேணும். எனக்கு அதுகளின்ர முகத்தைப் பார்த்துச் சொல்லேலாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போறவன் நான்.”

இவ்வளவுதானா? கொலின்ஸ் சந்தோசமாகக் கயிற்றடிக்கு நடந்தார். அதற்குள் வலை கிட்ட வந்திருந்தது. ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள். கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்கலாம் என்று போனார். தலையில் சீலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு, கயிற்றில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நின்றவர் யூலிற்றா.

“நீங்கள் இஞ்ச என்னம்மா செய்யிறியள்?”

“பார்த்தாத் தெரியேல்லையே? இழுக்கிறன்.” பிறகு குரலைத் தணித்தார். “நாலு வருசமா இழுக்கிறன். நீ சம்பளமில்லாமப் படிப்பிக்கப் போகேக்க மீன் என்னெண்டு வந்ததெண்டு நினைச்சனீ?”

கொலின்சுக்குக் காது சுட்டது. நான்கு ஆண்டுகளாக அம்மா வாங்கி வந்த மீன் என்று நினைத்தல்லவா தின்றார்? இந்த மனுசியையா சிவப்புப் பெட்டியில் போட்டோம் என்று வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

“சொல்லீட்டீரோ?” என்று சம்மாட்டி அங்கிருந்து கத்தினார்.

சாதாரண மனிதராக இருந்தால் தாளைக் கிழித்துக் கடலில் போட்டுவிட்டு மறுபடி பள்ளிக்கூடம் போயிருப்பார். கொலின்ஸ் ஆய்வாளர் அல்லவா? வள்ளத்தின் ஓரத்தில் குந்திக்கொண்டு புதிதாக ஒரு பெட்டி கீறினார். ‘இறுதிக்கட்டக் கரைசார் மேற்பார்வைக் குழு. ஒன்பது பேர். வலை கரையேறும் தருணத்தில் இக்குழுவின் பிரசன்னம் இன்றியமையாதது. எண்ணிக்கை எக்காரணம் கொண்டும் குறைக்கப்படலாகாது.’

அருளப்பு அதை இரண்டு தரம் வாசித்தார்.

“இது ஆர், எங்கட யூலிற்றாவோ மேற்பார்வை?”

“ஓம்.”

சம்மாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்பம் வைத்தார்.

வெள்ளிக்கிழமை கிளிநொச்சியில் பொறுப்பதிகாரி விமலேஸ்வரி அந்தத் தாளை எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. “மற்ற எல்லாரும் ஆளைக் குறைக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கினம். நீங்கள் ஒருத்தர்தான் ஒரு குழுவையே கண்டுபிடிச்சிருக்கிறியள்!” வேலை கிடைத்தது. அதோடு விட்டார்களா? கரைசார் மேற்பார்வைக் குழுவுக்கு மத்தியானச் சாப்பாட்டோடு மூன்று நாள் செயலமர்வும் நடந்தது. யூலிற்றா சான்றிதழை வாங்கிக்கொண்டு நேரே கயிற்றடிக்கு வந்தார். அதன் பிறகு கண்டாவளையில் நெல்லு ஆலைக்கு அனுப்பினாலும், பளையில் தும்புக் கயிறு திரிக்கிற இடத்துக்கு அனுப்பினாலும், கொலின்சின் அறிக்கையில் ‘மிச்சம்’ என்ற சொல் வந்ததே இல்லை. அதனாலோ என்னவோ, பதவி உயர்வும் வரவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள், வாசகரே. ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். இழுக்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கதைக்கிற ஒன்பது பேர் என்று வாசித்தபோது, ‘நிறுத்தத்தானே வேணும்’ என்று உங்கள் தலை மெல்ல ஆடியதா, இல்லையா? ஆடியிருந்தால் உங்களுக்கு அந்த மூன்று கிழமைப் பயிற்சிகூடத் தேவையில்லை, இன்றைக்கே விண்ணப்பிக்கலாம். மேலே மேலே போவீர்கள். ஆனால் சாப்பிட இருக்கும்போது உங்கள் சோற்றுக் கோப்பைக்குள் மீன் எப்படி வந்தது என்று மட்டும் வீட்டில் கேட்டுவிடாதீர்கள். விடை தெரிந்த பிறகு இந்த உத்தியோகம் கொஞ்சம் கஷ்டம்.