பீப் சத்தத்துக்கு முன்னால்

"இதுல யார் கூப்பிட்டாங்கன்னு நம்பர் காட்டும். ஆனா பத்து நிமிஷம்தான் பதிவாகும். அதுல நம்பர் காட்டாது, அரை மணி நேரம் பதிவாகும்" என்றார் கடைக்காரர். நாலாவது தடவையாகச் சொல்வதால் குரலில் சலிப்பு தட்டியிருந்தது.

டிரைவிங் மாஸ்டர், ஆளில்லாதபோது வரும் செய்தியைப் பதிவு செய்யும் அந்த இரண்டு கார்ட்லெஸ் போன்களையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாக ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், இங்கே இடமா வலமா என்று தெரியாமல் திணறினார்.

"ஏழு வருஷமாப் பேசாத ஒருத்தர் பேச ஆரம்பிச்சா, எவ்வளவு நேரம் ஆகும்?"

கடைக்காரர் முழித்தார். "அரை மணி நேரத்தையே எடுத்துக்கங்க சார்."

எடுத்துக்கொண்டார்.

எல்லாம் பக்கத்து வீட்டு அம்மாள் சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது. "தினம் பதினோரு மணிக்கு உங்க வீட்டு போன் அடியோ அடின்னு அடிக்குது. யாரு பெத்த புள்ளையோ, பாவம்."

மாஸ்டருக்கு உடனே மகள் ஞாபகம்தான் வந்தது. மகள் தனக்குப் பிடித்தவனோடு கிளம்பிய அன்று, "இந்த வீட்ல இனிமே உனக்கு ஒண்ணும் கிடையாது" என்று வாசலில் நின்று கத்தியவர் அவர். மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் வாயைப் பொத்த ஆளில்லை. மகள் எந்த ஊரில் இருக்கிறாள், எப்படி இருக்கிறாள், ஒன்றும் தெரியாது. விசாரிக்க வீம்பு விடவில்லை.

புதுப் போன் வந்த முதல் நாளே செய்தி வந்திருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினார். யாரோ மூச்சு விடும் சத்தம். பிறகு 'டொக்'.

மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாள் லீவு போட்டுவிட்டுப் பதினோரு மணிக்குத் தானே எடுத்தார். "ஹலோ" என்று அவர் சொன்னதும் எதிர்ப்பக்கம் வைத்துவிட்டார்கள். அப்புறம் இரண்டு நாள் போன் அடிக்கவே இல்லை. பயந்துபோனவர், இனி அந்த நேரத்தில் வீட்டிலேயே இருப்பதில்லை என்று முடிவு கட்டினார்.

'ஏன் பேச மாட்டேங்கறா?' யோசித்தபடி, கூப்பிடுகிறவர்களுக்காகத் தான் பதிவு செய்திருந்ததைப் போட்டுக் கேட்டார். "டிரைவிங் மாஸ்டர் வீடு. ஆள் இல்லை. விஷயத்தைச் சொல்லவும்." நடுரோட்டில் வண்டியை நிறுத்தியவனைக் கேட்கிற குரல். அவருக்கே போனை வைத்துவிடலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து, ஒன்பது தடவை தொண்டையைக் கனைத்து, புதிதாகப் பதிவு செய்தார். பேரைச் சொன்னால் அழுகை வந்துவிடும் என்று பேரை மட்டும் விட்டுவிட்டார்.

"நான் அன்னைக்குப் பேசினது பெரிய தப்பு. என்னை மன்னிச்சிடு. உன் ரூம் அப்படியே இருக்கு. எப்ப வேணும்னாலும் பெட்டியோட வந்துடு."

திங்கட்கிழமை சாயங்காலம் இரண்டு செய்திகள். ஒன்று வழக்கமான மூச்சு. இன்னொன்று, அவரிடம் ஓட்டப் பழகும் டீச்சர்.

"சார், நீங்க என்னை எருமைன்னு சொன்னதை நான் அப்பவே மறந்துட்டேன். இப்ப கேட்டதும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா பெட்டியோட எல்லாம் வர முடியாது சார். எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

புதன்கிழமை, கதவைத் திறந்தால் மனைவியின் தம்பி நிற்கிறான். கையில் இரண்டு பெட்டி, கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

"அத்தான்! போன்ல நீங்க சொன்னதைக் கேட்டேன். கல்யாண போட்டோவுல என் பாதி முகத்தை வெட்டினீங்களே, அதை இத்தனை வருஷம் மனசுல வெச்சு உருகிட்டு இருந்தீங்களா?"

"இல்ல மச்சான், அது வந்து…"

"ஒண்ணும் சொல்லாதீங்க. எந்த ரூம்?"

கட்டிப்பிடித்து அழுகிறவனை என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது? மகளின் மேசைமேல் மச்சானின் பெட்டி ஏறியது. அங்கே கிடந்த அவளுடைய பழைய சீப்பை மாஸ்டர் சத்தமில்லாமல் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இங்க எதை வேணும்னாலும் தொடு, போனை மட்டும் தொடாதே. அடிச்சா அடிக்கட்டும்" என்றார்.

மூன்றாம் வாரம் டிரைவிங் ஸ்கூல் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"யாரை இடிச்சீங்க?"

"யாரையும் இல்லீங்க."

"அப்ப எதுக்கு போன்ல ஊர்ல இருக்கறவங்ககிட்ட எல்லாம் மன்னிப்புக் கேக்கறீங்க? புதுசா சேர இருந்த ரெண்டு பேர், மாஸ்டர் ஏதோ ஆக்சிடெண்ட் பண்ணிட்டார்னு வேற ஸ்கூலுக்குப் போயிட்டாங்க. இன்னைக்கே அதை அழிச்சிடுங்க. இல்லேன்னா நாளைக்கு நீங்க ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம்."

மாஸ்டர் வீட்டுக்கு வந்து, பதிவாகியிருந்த மூச்சுகளை வரிசையாக ஒரு தடவை கேட்டார். மூன்று வாரம். ஒரு வார்த்தை இல்லை.

"பேசறவளா இருந்தா இதுக்குள்ள பேசியிருப்பா" என்றார்.

"யாரு அத்தான்?" என்றான் மச்சான்.

"ஒண்ணுமில்ல, விடு."

பொத்தானை அழுத்தினார். மன்னிப்பு அழிந்தது. பழைய குரலிலேயே, "டிரைவிங் மாஸ்டர் வீடு. ஆள் இல்லை. விஷயத்தைச் சொல்லவும்" என்று பேசி முடித்தார்.

மறுநாள் சாயங்காலம் விளக்கு கண் சிமிட்டியது. அவசரப்படாமல் செருப்பைக் கழற்றி, கைகால் கழுவிக்கொண்டு வந்து அழுத்தினார்.

முதலில் அதே மூச்சு. பிறகு, ஒரு சின்னப் பெண்ணின் குரல், யாரையோ அழைத்தது:

"அம்மா, இங்க ஓடி வாயேன்! இன்னைக்குத் தாத்தா மன்னிப்பே கேக்கலைம்மா!"