தொங்குகிற பெட்டிக்குக் கீழே ஒரு டாக்டர்

ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நூற்றுப் பதினெட்டு கிலோ உடம்புக்கு முழங்கால் வலியைப் போல ஒத்தாசையான நோய் வேறு கிடையாது. சிலிண்டரை நகர்த்த என் மனைவி செல்வி கூப்பிட்டால், காலைப் பிடித்துக்கொண்டு முனகுவேன். (மக்ரூன் டப்பா பரண் மேல் இருந்தால் மட்டும் வலிக்காது.)

தூத்துக்குடி துறைமுகத்தில் எனக்கு வேலை, கப்பல் மேல்தளத்தில் நின்று கிரேன்காரருக்குக் கை காட்டுவது. திடீரென்று கம்பெனியில் ஓர் உத்தரவு போட்டார்கள். எடை கூடியவர்கள் பிசியோதெரபி டாக்டரிடம் போய் உடம்பை வளைத்துக் காட்ட வேண்டும். முடியாதவர்கள் கேட்டில் உட்கார்ந்து லாரிக்குச் சீட்டு கொடுக்க வேண்டும். இருபது வருடம் கப்பலில் நின்றவனுக்குக் கேட் வேலையா?

சோதனைக்குத் துணையாகச் செல்வியும் வந்தாள். பிசியோதெரபி டாக்டர் ஒல்லியான இளைஞர். என் தலையில் பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டினார். கலப்பு மெய்ம்மையாம். அறையும் தெரிந்தது, டாக்டரும் செல்வியும் தெரிந்தார்கள், நடுவே இல்லாத பொருள்களும் மிதந்தன. பந்துகளைக் குனிந்து எடுக்கச் சொன்னார். மூன்றாவது பந்திலேயே மூச்சு வாங்கியது. கேட்டில் கிடக்கும் நாற்காலி கண்ணில் தெரிந்தது (இது கண்ணாடி காட்டியதல்ல).

கடைசியாக, மேலே ஒரு பெரிய பெட்டி தொங்கியது. அதற்குக் கீழே குனிந்து போக வேண்டுமாம். நான் நகரவில்லை.

"தொங்குத சரக்குக்குக் கீழ போகக் கூடாது டாக்டர். எங்க வேலையில அதான் மொத பாடம்" என்றேன்.

"அங்கன ஒண்ணுமே கெடையாது அண்ணாச்சி" என்று அவரே போய்ப் பெட்டிக்கு நேர் கீழே நின்று காட்டினார். அந்த நேரம் பார்த்துப் பெட்டி இறங்க ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு என் கைகால்கள்தான் பொறுப்பு. "ஏலே, வெலகு!" என்று கத்திக்கொண்டு (டாக்டரைப் போய்!) ஒரே பாய்ச்சலில் அவரை அள்ளிக்கொண்டு விழுந்தேன். அவர் கீழே, நான் மேலே. நிஜப் பெட்டி விழுந்திருந்தால்கூட மனிதர் இவ்வளவு நசுங்கியிருக்க மாட்டார். செல்வியும் நர்சும் என்னைப் புரட்டித்தான் அவரை வெளியே எடுத்தார்கள்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். மணிக்கட்டில் கட்டுடன் டாக்டர் கம்ப்யூட்டரை வெகுநேரம் பார்த்தார். என் பாய்ச்சலை அந்தக் கண்ணாடி அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருந்தது.

"கால்ல ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி. கப்பலுக்கே போங்க. இங்கன மட்டும் வந்துராதீங்க."

சந்தோஷத்தில் திரும்பினேன். செல்வி என் முழங்காலையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து சிலிண்டர் என் பொறுப்பு. இன்றைக்கும் சோபாவில் சாய்ந்து முழங்காலைத் தடவினால் போதும், அடுக்களையிலிருந்து மகளுக்கு உத்தரவு பறக்கும்.

"ஏளா, அப்பா தலைக்கு மேல ஒரு பெட்டியத் தொங்க விடு. தானா எந்திச்சு ஓடியாருவாவ."